கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்காத ஆளு

"நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்."

நம்ம ஊர்ல இதைச் சொல்லாத ஆளு உண்டா? கல்யாண வீட்ல சொல்வோம், ஆஸ்பத்திரியில சொல்வோம், கரண்ட் ஆபீஸ் வரிசையில சொல்வோம். எங்க கம்பெனியில ஒரு அண்ணன், அவருகூட நான் பல வருசம் ஒண்ணா வேலை பாத்திருக்கேன். அவரு வாயில இந்தப் பேச்சு மட்டும் வந்து நான் கேட்டதில்ல. கஞ்சத்தனம்னு நெனச்சிராதீங்க. டீக்கு எப்பவும் அவருதான் காசு குடுப்பாரு. ஆனா ஷேர் ஆட்டோவுல இடம் இல்லைன்னா, மத்தவுக மாதிரி "நீங்க போங்க, நான் அடுத்ததுல வாரேன்"னு சொல்லிப் பின்னால நிக்க மாட்டாரு. ஒரு காலை உள்ள வச்சு, ஒரு காலை வெளிய தொங்கவிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டாவது எங்ககூடயே வருவாரு.

"ஏண்ணே, அடுத்த ஆட்டோல வந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"அப்படிச் சொன்னவன் எவனும் அடுத்த சீன்ல இல்ல மேப்பு" என்பாரு.

மேப்புன்னா நாந்தான். என் பேரு அது இல்ல. அந்தப் பேரை எனக்கு வச்சவரும் அவருதான். ஏன் வச்சாருன்னு சொல்லணும்னா எங்க கம்பெனியப் பத்திச் சொல்லணும்.

பரவைக்கு அங்கிட்டு பிளாட் போட்டு வித்துக்கிட்டிருந்த ரியல் எஸ்டேட் கம்பெனி அது. ஞாயித்துக்கிழமையானா வில்லாபுரத்துல ஆரம்பிச்சு கோச்சடை வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஆள ஏத்துவோம். ஏசி வேன், சைட்ல ஷாமியானா, பொட்டலத்துல புளியோதரை. வெயில்ல நிக்கவச்சு, இங்கிட்டு காலேஜ் வருது, அங்கிட்டு பைபாஸ் வருதுன்னு கையக் காட்டுவோம். வந்துச்சா வரலையான்னு இப்ப என்கிட்ட கேக்காதீக.

எங்க முதலாளிக்கு ஒரு கணக்கு உண்டு. "வாங்க வர்றவன் மண்ணையா பாக்குறான்? மூஞ்சியப் பாக்குறான். நம்மாளு ஒருத்தன் இருக்கானான்னு பாக்குறான்" என்பாரு. அதனால டீமுக்கு ஆள் எடுக்கும்போதே சனத்துக்கு ஒருத்தரா எடுத்தாரு. டீம் லீடரு மேக்கால காடு தோட்டமுள்ள பழைய குடும்பம், செக்கச்செவேல்னு இருப்பாரு, வெள்ளைச் சட்டை கசங்காது. பாய்மாரு வந்தா பேச ஒரு பாய். பொம்பளையாளுக வந்தா பேச நான். லேஅவுட் மேப்பும் என் கையிலதான் இருக்கும். அந்த அண்ணன் யாருகிட்ட பேசன்னு மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. போன் வந்தா லீடரு மொதல்ல ஊரு எதுன்னு கேப்பாரு. அப்புறம், ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்பாரு. சில பக்கத்தைச் சொன்னா, ரெண்டாவது பேச்சு இல்லாம போனு அண்ணன் கைக்கு மாறிரும்.

அதை அவரு வாங்குற விதமே தனி. "வணக்கம், நம்மாளு பேசுறேன்" என்பாரு. மொகத்துல சிரிப்பு இருக்காது.

இப்ப படத்துக்கு வாரேன். வேன்ல டிரைவர் சீட்டுக்கு மேல ஒரு டிவி இருந்துச்சு. கஸ்டமருக்குப் பொழுது போகணும்னு முதலாளி மாட்டுனது. ஆனா சிடி வாங்குறது டிரைவர் மாப்ள. அவருக்குப் பிடிச்சது ஒரே வகைதான், தமிழ்ல டப்பிங் பண்ணுன பழைய இங்கிலீஷ் கூலிப்படைப் படம். பேரு வேற வேறயா இருக்கும், கதை ஒண்ணுதான். பேரில்லாத ஒரு நாடு, அங்க ஒரு கொடுங்கோலன், அவனைத் தூக்க ஏழெட்டுப் பேரைத் தேடித் தேடிச் சேப்பாங்க. ஒருத்தன் ஜெயில்ல இருப்பான், ஒருத்தன் சாராயக்கடையில இருப்பான், ஒருத்தன் கத்தி எறிவான். பிளாட் வாங்க வந்த ரிட்டயர்டு வாத்தியாரெல்லாம் வாயப் பொளந்து பாப்பாக.

மொத சீன்ல ஊர் எரியும். சனங்க பிள்ளையத் தூக்கிட்டு ஓடும். "இதை ஓட்டிவிடு மாப்ள, ஆள் சேக்குற இடத்துக்குப் போ" என்பாரு அண்ணன். ஆள் சேக்குற சீன் வந்ததும் நிமிந்து ஒக்காருவாரு. ஏழு பேரும் வரிசையா வந்து நிப்பாங்கல்ல, அப்ப ஒரு விரலை நீட்டி, "நம்மாளு அந்தா இருக்கான்" என்பாரு. கூட்டத்துல கருத்த ஆளு. எந்தப் படமானாலும் ஒருத்தன் இருப்பான், ரெண்டு பேரா இருக்க மாட்டான். மலை மாதிரி ஒடம்பு, பேச்சு கம்மி, சட்டைப் பையில மகளோட போட்டோ.

"போட்டோவ எடுத்துக் காட்டிட்டான். இனி இவன் கடைசி சீனைத் தாண்ட மாட்டான்" என்பாரு.

தாண்ட மாட்டான். முடியப்போற நேரத்துல ஒரு பாலமோ, ஒரு இரும்புக் கதவோ வரும். எல்லாரும் தப்பிச்சு ஓடணும், ஒருத்தன் மட்டும் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். யாரு நிப்பான்? அவந்தான் நிப்பான். நின்னுக்கிட்டு, "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்பான். டப்பிங்ல எல்லாப் படத்துக்கும் அதே வசனம். ஹீரோ ஒரு நிமிசம் திரும்பிப் பாத்துக் கண் கலங்குவான். அப்புறம் ஹெலிகாப்டர்ல ஏறிப் போயிருவான்.

அண்ணனுக்கு அவன் செத்தது கூடப் பெரிசில்ல. டப்பிங்தான் ஆறவே ஆறாது. ஹீரோ பேசுறது மேடைத்தமிழா இருக்கும். நம்மாளுக்கு மட்டும் "இன்னாபா, வலிச்சுக்கினு வா"ன்னு மெட்ராஸ் பாஷை. ஒருநாள் வேனுக்கே கேக்குற மாதிரி பேசுனாரு.

"ஏன்யா, அவன் ஊர்ல எல்லாரும் ஒரே இங்கிலீஷ்தான பேசுனாய்ங்க? கப்பல்ல வர்ற வரைக்கும் ஒரே பேச்சு. நம்ம ஊர்ல எறங்குன ஒடனே இவனை மட்டும் தனியாப் பிரிச்சு, இவனுக்கு ஒரு பேச்சுக் குடுத்திருக்காய்ங்க. இதை வெள்ளைக்காரனா சொன்னான்?"

லீடரு சிரிச்சுக்கிட்டே, "படம்ணே அது, படமாப் பாருங்கண்ணே"ன்னாரு.

"படமாத்தான பாக்குறேன். வேற என்னவாப் பாக்குறேன்?" அப்படியே பின்னால திரும்பி என்னைப் பாத்தாரு. படத்துல அப்பத்தான் ஒரு பொம்பளை சீனுக்குள்ள வந்தா. கையில சுருட்டுன காயிதம், காட்டுக்குள்ள ரகசிய வழி போட்டது. "பொம்பளைன்னா ரெண்டே வேலைதான். ஒண்ணு, கடத்திக்கிட்டுப் போவாய்ங்க. இல்லைன்னா மேப்போட வருவா. நல்லவேளை, நீ மேப்பு." அன்னைக்கு ஒட்டுன பேரு. எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா மடியில பாத்தா லேஅவுட் மேப் சுருட்டுனபடி கெடக்கு.

பாய் சும்மா இருப்பாரா? "நமக்கு அந்தக் கவலையே இல்லண்ணே. ஒண்ணு துப்பாக்கி விப்போம், இல்ல ஒட்டகம் ஓட்டுவோம். ரெண்டு பக்கமும் யாவாரம் ஓடும்"னாரு. அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. கராத்தே போடுற ஆளு சீனாவா ஜப்பானான்னு ரெண்டு பேரும் பரவை வர்ற வரைக்கும் சண்டை போட்டாக. அது படம் எடுத்தவனுக்கே தெரிஞ்சிருக்காது.

இப்படி அவரு சொல்றது எங்களுக்கெல்லாம் வேன்ல ஒரு பொழுதுபோக்கு. அவருக்கு அப்படி இல்லைன்னு எனக்குப் பைய பையத்தான் தெரிஞ்சுச்சு.

ஒரு தடவ கம்பெனி விளம்பரத்துக்கு டீம் போட்டோ எடுத்து, பரவை மார்க்கெட் பக்கம் பெரிய ஃப்ளெக்ஸ் வச்சாக. நடுவுல லீடரு, கையக் கட்டிக்கிட்டு. பக்கத்துல நான், கையில மேப்பு. பாய் தொப்பியோட. அண்ணன் ஓரத்துல. கயிறு கட்ட ஃப்ளெக்ஸ்ல ஓட்டை போடுவாகல்ல, அந்த ஓட்டை சரியா அவரு கன்னத்துல விழுந்திருந்துச்சு. கயித்தை இழுத்துக் கட்டுனதுல பாதி மூஞ்சி சுருங்கிப்போச்சு. வேணும்னு செஞ்சது இல்ல. ஓரத்துல நின்னா ஓட்டை விழத்தான் செய்யும். அவரு அதை ரொம்ப நேரம் பாத்துட்டு, "போஸ்டர்லயே சாகடிச்சுட்டாய்ங்க மேப்பு"ன்னாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு, ஆனா அந்த வழியா வரும்போது மட்டும் வேன்ல வேற பக்கம் பாத்துக்கிருவாரு.

இன்னொரு தடவ லீடரோட ஊர்ல கெடா வெட்டு. டீமையே கூப்பிட்டிருந்தாரு. வேன் போயி நின்னதும் அண்ணன் பக்கம் வந்து, தோள்ல கையப் போட்டு, பாசமா, "அண்ணே, சின்னப் பயலுக கல்லு கில்லு விட்டுருவாய்ங்க. வேனைப் பாத்துக்கங்களேன், எலைச்சாப்பாடு இங்கயே அனுப்பிச்சு விடுறேன்"னாரு. கல்லெறியற பய ஒருத்தனையும் அங்க காணோம். அண்ணன் மாப்ளகிட்ட சாவிய வாங்கி, வேனைப் பூட்டி, சாவியச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "வேன் எங்கிட்டும் போகாது தம்பி. வாங்க, சேந்தே சாப்பிடுவோம்"னு முன்னால நடந்தாரு. பந்தியில எங்க கூட ஒக்காந்தாரு. பரிமாறுனவன் அவரு எலையில குழம்பை ஊத்துனானா எறிஞ்சானான்னு சொல்ல முடியாது. அவரு வழிச்சுச் சாப்பிட்டு, மோரும் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. நாந்தான் பாதியிலயே எலைய மூடிட்டேன்.

அப்புறம் அந்த மூணாவது லேஅவுட் வந்துச்சு. மொத ரெண்டும் மேட்டுல இருந்துச்சு, சீக்கிரமே வித்துப்போச்சு. மூணாவது பள்ளம். கண்மாய் நெறைஞ்சா தண்ணி வடிஞ்சு போற எடம். வெயில் காலத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது, கட்டாந்தரையா அழகாக் கெடக்கும். அதுக்கு வந்த போனெல்லாம் எப்படியோ அண்ணன் கைக்கே போச்சு. அவரும் நம்பி, அவுக ஊர் சனத்தையே கூட்டியாந்து வித்தாரு. அவரோட அயித்தை, அப்பாகூடப் பொறந்தவுக, ஆட்டையெல்லாம் வித்து ஒரு பிளாட் வாங்குனாக. அதுக்குப் பக்கத்துப் பிளாட்டை அண்ணன் தனக்கே வாங்கிக்கிட்டாரு. நம்பாம வாங்குவாரா?

ஐப்பசி அடைமழை பிடிச்சுச்சு. விடாம அடிச்சு ஓஞ்ச மறு ஞாயித்துக்கிழமை, வாங்குன சனம் எல்லாம் சைட்ல கூடியிருக்குன்னு போன் வந்து, நாங்க அஞ்சு பேரும் வேன்ல போனோம். பிளாட்டைக் காணோம். எல்லைக் கல்லும் காணோம். தண்ணிதான் கெடக்கு, வாத்து மேயுது. சனம் முழங்கால் தண்ணியில அவுகவுக பிளாட் இருந்த எடத்தைக் குத்துமதிப்பாப் பிடிச்சு நின்னுக்கிட்டிருந்தாக. வேனைப் பாத்ததும் அம்புட்டுப் பேரும் எங்களை நோக்கி நடந்து வந்தாக.

லீடரு வேன் கதவை அரைவாசி தெறந்துக்கிட்டு, மெதுவாச் சொன்னாரு. "அண்ணே, இது பூராம் உங்காளுக. நீங்க பேசுனாத்தான் கேப்பாக. நீங்க எறங்கி இவுகளைப் பாத்துக்கங்க. நாங்க போயி முதலாளியக் கையோட கூட்டியாரோம்."

டிவி ஓடல. ஓட வேண்டிய அவசியமும் இல்ல. அண்ணன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. "சீன் வந்துருச்சு மேப்பு"ன்னாரு.

அவரு எறங்கி நின்னா அடி விழுகும், அது ஒண்ணு. நாளைக்குப் போலீசு கேசுன்னா, வித்த ஆளு இவருதான்னு கம்பெனி கையக் காட்டிட்டு ஒதுங்கிக்கிரும், அது பெரிசு. அது லீடருக்கும் தெரியும். அண்ணன் முன்னால எட்டி, ஓடிக்கிட்டிருந்த இஞ்சினை நிறுத்திச் சாவியப் பிடுங்கிட்டாரு. "யாரும் போக வேணாம் தம்பி. சேந்தே இருப்போம். போன் இருக்குல்ல, முதலாளிய இங்க வரச் சொல்லுங்க."

"அண்ணே, வெளாடாதீக. சாவியக் குடுங்க."

"வெளாட்டு இல்ல. இத்தனை படத்துல பாத்துட்டேன். இந்தக் கதவை நான் பிடிக்க மாட்டேன்."

அதுக்குள்ள கூட்டம் வந்து வேனைச் சுத்திருச்சு. சத்தம் காதைப் பொளக்குது. சத்தம் போடாம வந்தது அவுக அயித்தை மட்டுந்தான். சேலைய இடுப்புல தூக்கிச் செருகியிருந்தாக, காலெல்லாம் சேறு. அண்ணன் ஒக்காந்திருந்த ஜன்னல்கிட்ட வந்து, ஏசி வேன் கண்ணாடிய விரல்ல தட்டுனாக. அவரு கண்ணாடியத் தள்ளித் தெறந்தாரு.

"நம்மாளுன்னு நம்பித்தானடா வாங்குனேன்"னாக.

அம்புட்டுத்தான் சொன்னாக. அவரு எம்புட்டுப் படம் பாத்திருப்பாரு. அந்தப் படத்துல எல்லாம் மொத சீன்ல ஊர் எரிஞ்சு ஓடுற சனத்தை ஓட்டிவிடச் சொல்லிட்டு, ஏழு பேர்ல நம்மாளு யாருன்னு மட்டுந்தான் பாத்தாரு. அன்னைக்கு அந்த சனம் ஜன்னலுக்கு அங்கிட்டு வந்து நின்னுச்சு, ஓட்டிவிட மாப்ளகிட்ட ரிமோட்டும் இல்ல. அவரு மொகம் போன போக்கை நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அடி வாங்குன மாதிரி இருந்துச்சு.

சாவிய மாப்ள மடியில போட்டாரு. எந்திரிச்சாரு. லீடரைப் பாத்து, ரொம்பத் தெளிவா, "நீங்க பாத்துக்கங்க தம்பி, நான் போறேன்"னாரு.

செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, தண்ணிக்குள்ள எறங்கி, அயித்தைக்குப் பின்னாலயே நடந்தாரு. அயித்தை அவுக எடத்துக்குப் போயித் திரும்பிப் பாத்தா இவரு பக்கத்துல நிக்கிறாரு.

"நீ எதுக்குடா இங்கிட்டு வார?"

"எனக்கும் இங்க பிளாட் இருக்கு அயித்தை."

"இருந்தா ஒம் பிளாட்டுல போயி நில்லு. இது எம் பிளாட்டு."

அவரு ரெண்டு எட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாரு. கூட்டமும் அவரு பின்னால போயி அவரைச் சுத்திக்கிருச்சு. அந்த எடவெளியில மாப்ள வேனைத் திருப்பிட்டாரு. வேன் கெளம்பும்போது பின்கண்ணாடி வழியாப் பாத்தா, அச்சு அசலா அதே சீன். நாங்க போறோம், அவரு நிக்கிறாரு. லீடருக்குக் கண்ணே கலங்கிருச்சு. "பாவம்யா. நமக்காக நின்னுட்டாரு மனுசன்"னாரு. முதலாளிகிட்டயும் போயி அப்படியேதான் சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நமக்காகவா நின்னாரு? அவரு டீமை விட்டே எறங்கிப் போயிட்டாருய்யா, அது கூடவா தெரியல? சொல்லிப் பாத்தேன். லீடரு, "ஒனக்குப் புரியாதும்மா"ன்னுட்டாரு.

மறுநாள் காலையில ஆபீசு தெறக்கையில வாசல்ல அந்த சனம் பூராம் ஒக்காந்திருந்துச்சு. முன் வரிசையில அண்ணன், அயித்தையோட குடையப் பிடிச்சுக்கிட்டு. மூக்குல ஒரு பிளாஸ்திரி, கூட்டத்துல எவனோ குடுத்த குத்துக்கு. என்னைப் பாத்ததும், "என்ன மேப்பு, அடுத்த சீன்ல இருக்கேன் பாத்தியா?"ன்னாரு.

வாசல்ல ஒக்காந்து, கலெக்டர் ஆபீசுக்கு நடந்து, இழுத்தடிச்சு இழுத்தடிச்சு, கடைசியில மேட்டுல மாத்து எடம் வாங்கிட்டுத்தான் விட்டாக. அண்ணனுக்கு வேலை போச்சு. வேற எந்தக் கம்பெனியும் சேத்துக்கல. குட்டி யானை லோடு வண்டி ஒண்ணு வாங்கி, பரவை மார்க்கெட்டுக்குக் காய் ஏத்திக்கிட்டிருந்தாரு. வழியில என்னைப் பாத்தா வண்டிய நிறுத்தி ஏத்திக்கிருவாரு. "அந்தப் படமெல்லாம் இப்பப் பாக்குறீங்களாண்ணே?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "பாக்குறேன். மொத சீனை ஓட்டி விடுறதில்ல"ன்னாரு.

போன தை மாசம் தவறிட்டாரு. நெஞ்சுச் சளியில ஆரம்பிச்சு முத்திப்போச்சு. எனக்குச் சேதி கெடைச்சு நான் போகையில காரியமெல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மேட்டு எடத்துல வீடு. பக்கத்து வீடு அயித்தையோடது. மதினி என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி ஒக்காரவச்சாக. அழுகையெல்லாம் வடிஞ்சு போயிருந்தாலும், ஏதோ ஒண்ணு அவுகளை அரிச்சுக்கிட்டே இருந்துச்சுன்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு.

"ஒங்கூட எல்லாம் ரொம்ப வருசம் வேலை பாத்தாகல்ல. ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில மூஞ்சியில மாஸ்க்கு மாட்டியிருந்தாக. நான் கட்டில் ஓரத்துலயே நின்னேன். நர்சுப் பிள்ள வந்து, 'நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கிறேன்'னுச்சு. நல்ல பிள்ள, தன்மையாத்தான் சொல்லுச்சு. அதைக் கேட்டதும் இவுக சிரிச்சாக. மாஸ்க்குக்குள்ள ஒதடு விரிஞ்சது எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் வெளிய போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போயிட்டாக." மதினி முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டாக. "எதுக்குச் சிரிச்சாக? என்னய வெளிய அனுப்பிட்டாகளேன்னா? இல்ல புத்தி பெசகிப்போச்சா? யாரைக் கேட்டும் தெரியல. எனக்குத் தூக்கமே வரல தாயி."

நான் எல்லாத்தையும் சொன்னேன். வேன், டிவி, ஏழு பேரு, அதுல ஒருத்தன், மகளோட போட்டோ, இரும்புக் கதவு. அந்த வசனத்தை எவன் சொன்னாலும் அவன் அடுத்த சீன்ல இருக்க மாட்டாங்கிறது அண்ணன் கண்டுபிடிச்ச சட்டம்னு சொன்னேன். சாகுற வரைக்கும் அதை அவரு வாயால சொல்லலைன்னும் சொன்னேன்.

"சொல்றவங்கதான் போகணும் மதினி. அண்ணன் சொல்லல, அந்த நர்சு சொல்லிருச்சு. அப்பாடா, தப்பிச்சோம்டான்னு நெனச்சுச் சிரிச்சிருக்காரு."

மதினி கையில பிடிச்சிருந்த முந்தானை தானா நழுவுச்சு.

"அப்ப பயந்து போகல."

"இல்ல மதினி. தப்பிச்சோம்னுதான் போயிருக்காரு."

வெளிய அயித்தை யாரையோ வஞ்சுக்கிட்டிருந்த சத்தம் கேட்டுச்சு. மதினி கண்ணைத் தொடச்சாக. ஏதோ நெனப்பு வந்த மாதிரி திடுக்குன்னு என் கையப் பிடிச்சு, "அந்த நர்சுப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"ன்னாக.